தூளி மோட்டார்

பழங்காநத்தத்தில் மோட்டாருக்குச் செம்புக் கம்பிச் சுருள், அதாவது காயில், கட்டுகிற சிவபாண்டிக்குத் தொழிலில் நல்ல பெயர். எப்பேர்ப்பட்ட எரிந்துபோன மோட்டாரைக் கொண்டுபோய்ப் போட்டாலும் மறுநாள் ஓட வைத்துவிடுவான். பெற்ற பிள்ளையைத் தூங்க வைக்க மட்டும் அவனால் முடியவில்லை.

பிள்ளை பெயர் பவதாரிணி. ஒன்றே முக்கால் வயது. பகலெல்லாம் சிரித்துக்கொண்டு திரியும். ராத்திரி ஆனால் பன்னிரண்டுக்கு ஒரு தடவை, இரண்டுக்கு ஒரு தடவை, நாலுக்கு ஒரு தடவை என்று ஷிப்ட் போட்ட மாதிரி எழுந்து உட்கார்ந்து தெருவே எழும்படி கத்தும். சேலைத் தூளியைப் பிடித்து ஆட்டினால் அடங்கும், கை ஓய்ந்ததோ மறுபடி கத்தல். அவன் மனைவி தமிழ்வாணி எல்.கே.ஜி. டீச்சர். பகலில் முப்பது பிள்ளைகளோடும் ராத்திரியில் ஒற்றைப் பிள்ளையோடும் மல்லுக்கட்டி, கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்து கிடந்தாள்.

பிள்ளைகளுக்குப் பார்க்கிற டாக்டரிடம் காட்டினார்கள். அவர் மருந்தே எழுதவில்லை.

"பாப்பாவுக்கு ஒரு நோயும் இல்லம்மா. ராத்திரி எல்லாருந்தான் நாலஞ்சு தடவ லேசா முழிக்கிறோம். திரும்பிப் படுத்து நம்ம பாட்டுக்குத் தூங்கிருறோம். இவளுக்கு ஆட்டினாத்தான் தூக்கம்னு பழகிப் போச்சு. முழிக்கிறப்ப ஆட்டம் இல்லேன்னா அழுகுறா. பாயில படுக்கப் போட்டுப் பக்கத்துல இருங்க. அழுதா தட்டிக் குடுங்க, தூக்காதீங்க. ஒரு வாரம் பல்லக் கடிச்சுக்கங்க."

ஒரு வாரமா? சிவபாண்டி இருபது நிமிஷம்கூடத் தாங்கவில்லை. முதல் ராத்திரியே பாயிலிருந்து பிள்ளையை வாரித் தூளியில் போட்டான்.

"என்னத்த டாக்டரு! பச்சப்புள்ளய அழவிட்டு வேடிக்கை பாக்கச் சொல்றாரு. அம்புட்டுக் கல்நெஞ்சு எனக்குக் கெடையாது."

மறு வாரமே அந்த மோட்டாரைச் செய்துவிட்டான். லாரியிலிருந்து கழற்றிய பழைய வைப்பர் மோட்டார், ஒரு பேட்டரி, ஒரு இரும்புக் கை, அவ்வளவுதான். உள் அறையில் கொக்கியில் ஃபேன் தொங்கியதால், சற்றுத் தள்ளி, தலைக்கு மேல் கான்கிரீட் தளத்தில் துளை போட்டு ஒரு போல்ட்டை இறக்கினான். போல்ட்டில் ஸ்பிரிங், ஸ்பிரிங்கில் தூளி. சுவிட்சைப் போட்டால் சுவரில் மாட்டிய மோட்டாரின் கை கிர்ர், கிர்ர் என்று சுற்றி ஸ்பிரிங்கைத் தட்டிவிடும். தூளி மேலும் கீழும் குதித்துக்கொண்டே இருக்கும். கரண்ட் போனாலும் நிற்காது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். சிவபாண்டிக்கு இரண்டு பொன் குஞ்சு, ஒன்று பவதாரிணி, இன்னொன்று அந்த மோட்டார்.

பிள்ளை ஓரளவு தூங்கியது. ஆனாலும் நடு ராத்திரியில் விசுக்கென்று முழித்து மேலேயே பார்த்துக்கொண்டு கிடக்கும். ஒரு நாள் காலையில் தமிழ்வாணி தலை வாரிவிடும்போது பிள்ளையின் முடியில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. பவுடராக இருக்கும் என்று தட்டிவிட்டாள். மறுநாளும் இருந்தது. விரலில் தேய்த்துப் பார்த்தாள், நறநறவென்றது.

"மாவு" என்றது பிள்ளை, தளத்தைக் காட்டி.

தமிழ்வாணி அண்ணாந்து பார்த்தாள். ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தாள். போல்ட்டைச் சுற்றி மயிரிழையாக ஒரு கீறல் வட்டமாக ஓடியிருந்தது. ஓடிப்போய்ப் புருஷனை எழுப்பிக் கூட்டிவந்தாள்.

"ஏங்க, மேல பாருங்க. எனக்குப் பயமா இருக்கு. இதக் கழட்டிருவோம்."

"அது பூச்சு உதிருதுடி. வீட்டுக்கார அருள்பாண்டி அண்ணன் வெள்ளையடிச்ச லட்சணம் அப்படி. இங்க பாரு."

பார் என்று சொல்லிவிட்டு ஸ்பிரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக் காலை மடக்கித் தொங்கினான். போல்ட் அசையவில்லை.

"எழுவத்தஞ்சு கிலோ தொங்குறேன். பதினோரு கிலோப் புள்ளைக்கா விழுந்துரும்? டீச்சரம்மா, கணக்க நீயே சொல்லு."

அவள் ஸ்டூலைத் தூக்கி ஓரமாகப் போட்டாள். அடேய் சிவபாண்டி, ஓடுகிற மோட்டாரில் அதிர்ந்து அதிர்ந்தே நட்டு கழலும், மாதம் ஒருமுறை முடுக்கிப் பார்க்கணும் என்று கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் தினம் பாடம் எடுக்கிறவன் நீதானே! ஊருக்குச் சொன்ன உபதேசம் வீட்டு வாசலிலேயே செருப்போடு நின்றுவிட்டது. ஒரு தடவை தொங்குவது வேறு, ராத்திரி முழுக்கக் குதிப்பது வேறு என்று அவனுக்குத் தெரியாதா என்ன. தெரியும். தான் செய்த பொருள் என்றதும் கண் மறைத்துவிட்டது.

அதற்குப் பிறகு தமிழ்வாணி அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. சண்டை பிடிக்கிறவள் திடீரென்று சும்மா இருந்தால் என்னவோ ஏதோ என்று பார்க்க வேண்டாமா? அவன் பார்க்கவில்லை. மே மாதம் வேறு. தோட்டங்களில் கிணற்று மோட்டார்கள் வரிசையாக எரிந்து கடைக்கு வந்துகொண்டிருந்தன. ராத்திரி பதினொன்றரைக்கு வீடு வருவான். உள் அறை இருட்டில் தூளி கனமாகக் குதித்துக்கொண்டிருக்கும். வாசலிலிருந்தே எட்டிப் பார்ப்பான்.

"கிட்டப் போகாதீங்க. இப்பத்தான் கண்ணசந்தா" என்று தமிழ்வாணி கையைப் பிடித்து இழுத்து வந்து கூடத்தில் சோற்றைப் போடுவாள்.

கூடத்திலேயே பாயை விரித்துப் படுத்துவிடுவான். கிர்ர், கிர்ர் என்ற சத்தம் காதில் விழுந்தால்தான் இப்போது அவனுக்கே தூக்கம் வந்தது. ஒரு நாள் அவள் மோட்டாரை நிறுத்தப் போக, "ஏன் நிப்பாட்டுற? புள்ள முழிச்சுக்கிருமே" என்று தூக்கக் கலக்கத்திலேயே அதட்டினான். அவள் மறுபடி போட்டுவிட்டாள்.

அதிசயம் என்னவென்றால், நாலைந்து நாளில் பிள்ளை ராத்திரி அழுவதே நின்றுபோனது. ஒரு சத்தம் இல்லை. காலையில் அவன் கண் விழிக்கும்போது குளித்து முழுகிப் பொட்டு வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருக்கும். தலையில் மாவும் இல்லை.

"பாத்தியா? மோட்டாரு எப்படி வேலை செய்யுதுன்னு" என்றான்.

"பாத்தேன்" என்றாள் தமிழ்வாணி.

டீக்கடையில் அவன் பெருமை பொறுக்க முடியவில்லை. அப்போதுதான் பேரையூர்ப் பக்கத்திலிருந்து சோலை, எரிந்த மோட்டாரைத் தூக்கிக்கொண்டு அவன் கடைக்கு வந்தவன் காதிலும் அது விழுந்தது. பழைய சேக்காளி, சின்ன வயசுச் சிநேகிதன். அவனுக்கும் ஒன்றரை வயதில் ஒரு பையன், ராத்திரித் தூக்கம் கிடையாது.

"மாப்ள, எனக்கும் ஒண்ணு செஞ்சு குடுடா. என் பொண்டாட்டி பைத்தியமாகிருவா போலருக்கு."

கேட்டது சேக்காளி, சும்மா இருப்பானா? வீட்டில்கூடச் சொல்லாமல் ஞாயிற்றுக்கிழமையே கிளம்பிப்போய் மாட்டிக் கொடுத்தான். சோலையின் அய்யா காலத்தில் போட்ட கான்கிரீட் தளம். அதே அளவுத் துளை, அதே போல்ட். சோலையின் பையன் அன்றைக்கு அடித்துப் போட்ட மாதிரித் தூங்கினான். சிவபாண்டி கோழிக்குழம்பு சாப்பிட்டுவிட்டு ராஜா மாதிரி வண்டியில் வந்து இறங்கினான்.

அது நடந்து பத்தாம் நாள்.

நடு ராத்திரியில் சிவபாண்டிக்கு விழிப்புத் தட்டியது. கிர்ர் சத்தத்தில் ஏதோ மாறியிருந்தது. மோட்டார்க்காரன் காது அல்லவா, தூக்கத்திலும் பிடித்துவிட்டது. ஒவ்வொரு குதிப்புக்கும் இடையில் டிக், டிக் என்று கல்லில் இரும்பு தட்டுகிற சத்தம். எழுந்து உட்கார்ந்தான். பல்லை உரசுகிற மாதிரி ஒரு ஓசை வந்தது. அப்புறம் வீடே அதிரத் தொம்மென்று ஒரு அடி.

பவா!

எப்படி உள்ளே போனான் என்று அவனுக்கே தெரியாது. நிலைப்படியில் இடித்த கால் விரல் பெயர்ந்து ரத்தம் வந்ததும் தெரியாது. இருட்டில் மோட்டாரின் இரும்புக் கை மட்டும் கிர்ர், கிர்ர் என்று வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது. தரையில் சேலை குவிந்து கிடந்தது. அழுகைச் சத்தம் இல்லை. பெற்றவன் அதைக் கேட்கத்தான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான், அது வரவில்லை. எத்தனை ராத்திரி அந்த அழுகையைச் சனியன் என்று திட்டியிருப்பான்!

முழங்காலில் விழுந்து சேலைக்குள் கையை விட்டான். பிள்ளையின் போர்வை தட்டுப்பட்டது. அதற்குள் உருண்டையாக இருந்தது. தலை என்று நினைத்துத் தடவினான். சில்லென்று இருந்தது. அசைவே இல்லை. கையெல்லாம் மண்ணும் தூளும். "ஆத்தா" என்று கத்தினான்.

விளக்கு எரிந்தது.

தமிழ்வாணி சுவிட்சுப் பக்கத்தில் நின்றிருந்தாள். சிவபாண்டி குனிந்து பார்த்தான். போர்வைக்குள் இருந்தது அம்மிக் குழவி. பவதாரிணிக்குப் பெயர் வைத்த அன்று, பிள்ளையைப் போடுவதற்கு முன்னால் வழக்கப்படி மஞ்சள் பூசி முதலில் தூளியில் போட்டார்களே, அதே குழவி. அது விழுந்த இடத்தில் தரைக் கல் நாலாக வெடித்திருந்தது. பக்கத்தில் போல்ட், தேங்காய் அளவு கான்கிரீட்டையும் பெயர்த்துக்கொண்டு கிடந்தது.

"பவா எங்கடி?"

"இங்க வாங்க."

பீரோவுக்கு அந்தப் பக்கம் சுவரோரமாகப் பாய் விரித்திருந்தது. பாயில் பிள்ளை கிடந்தது. விழுந்த சத்தத்துக்கு லேசாகக் கண்ணைத் திறந்திருக்கும் போல. இரண்டு பேரையும் ஒரு பார்வை பார்த்தது, சுவர்ப் பக்கமாகப் புரண்டது, தானாகவே தூங்கிவிட்டது.

"ரெண்டு வாரத்துக்கு மேல ஆச்சு" என்றாள் தமிழ்வாணி. "நீங்க கடையில இருந்து வர்றதுக்குள்ள பாயில போட்டுத் தட்டித் தட்டிப் பழக்கிட்டேன். மொத நாலு நாளு அழுதா, நானும் கூடச் சேந்து அழுதேன். மோட்டார நிப்பாட்டினா நீங்க வந்து தூக்கித் தூளியில போட்டுருவீங்க. வெறுந்தூளிய ஆட்டக்கூடாதும்பாக. அதான் குழவியப் போட்டேன். நீங்க தொங்கிக் காட்டினீங்கல்ல, நான் சொன்னா நம்ப மாட்டீங்கன்னு தெரியும். விழுந்தா விழட்டும், விழலேன்னா நான் சொன்னது தப்புன்னு விட்டுட்டேன்."

சிவபாண்டி பிள்ளையின் முதுகில் கையை வைத்தான். மூச்சு ஏறி இறங்கியது. அவன் தேம்பித் தேம்பி அழுதான்.

"குழவி எம்புட்டு இருக்கும்?" என்றான்.

"எட்டுக் கிலோ."

பிள்ளை பதினோரு கிலோ. மூன்று கிலோ குறைந்த கல்லுக்கே பெயர்ந்துவிட்டது. அந்தக் கணக்கை அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

சட்டென்று எழுந்தான்.

"சோலை வீடு! அங்கயும் ஒண்ணு மாட்டியிருக்கேன்டி!"

போனைத் தேடி எடுத்தான். இரண்டு தடவை தப்பான பெயரைத் தொட்டான். மணி இரண்டு பத்து. ரிங் போய்க்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. மறுபடி போட்டான், எடுக்கவில்லை. தமிழ்வாணி வண்டிச் சாவியை எடுத்து நீட்டினாள். பேரையூருக்கு என்ன மிதி மிதித்தாலும் ஒரு மணி நேரம் ஆகும். மூன்றாவது தடவை போட்டான்.

"என்ன மாப்ள, இந்நேரத்துல? யாருக்கும் என்னமும் ஆயிருச்சா?"

சோலையின் குரலுக்குப் பின்னால் கிர்ர், கிர்ர் என்று கேட்டது. நடுவில் டிக், டிக்.

"தூளியில இருந்து புள்ளயத் தூக்குடா!"

"இப்பத்தான்டா அசந்து தூங்குறான். எழுப்பினா விடிய விடிய…"

"தூக்குடா! உன் கால்ல விழுகுறேன், மொதல்ல தூக்கு!"

போனைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் காலடி. கிர்ர், கிர்ர். டிக், டிக். சிவபாண்டி போனைக் காது வலிக்க அழுத்திக்கொண்டான். தமிழ்வாணி அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். கிர்ர், கிர்ர். அங்கே யாரோ ஏதோ சொன்னார்கள். மோட்டார் நின்றது.

ஒன்றும் கேட்கவில்லை. தொம்மென்ற சத்தமும் வரவில்லை, பேச்சும் வரவில்லை.

பிறகு அந்தப் பையன் வீறிட்டு அழுதான். தொண்டை கிழிய, ஆங்காரமாக அழுதான்.

சிவபாண்டி பெயர்ந்த கான்கிரீட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான். போனில் சோலை வந்தான்.

"கிறுக்குப்பயலே, எழுப்பி விட்டுட்டியேடா. இனி இவன எப்படிடா தூங்க வைக்கிறது?"

"காலையில வாரேன் மாப்ள. எல்லாத்தையும் கழட்டிப் போட்டுட்டுச் சொல்றேன்" என்றான் சிவபாண்டி. "இப்ப அழட்டும். போன வச்சுராத, அவன் அழுகுறத நான் கொஞ்ச நேரம் கேட்டுக்கிறேன்."