லிஃப்ட்டுக்குப் போட்ட பூட்டு

வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குள் வாடகை ஒப்பந்தத்தின் நகல் பள்ளி அலுவலகத்துக்கு வந்து சேர வேண்டும். இல்லையென்றால் அவள் மகளுக்குக் கிடைத்த ஆறாம் வகுப்பு இடம் காத்திருப்புப் பட்டியலில் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். நடந்து வரும் தூரத்தில் குடியிருப்பவர்களுக்கு மட்டுமே இடம் என்பது அந்தப் பள்ளியின் விதி. வியாழக்கிழமை மதியம் இரண்டரை மணிக்கு அவளிடம் ஒப்பந்தமும் இல்லை, ஒப்பந்தம் போட வீடும் இல்லை.

அதுவரை பதினோரு வீடு பார்த்தாயிற்று. நான்கு வீடுகள் அவர்களுக்குப் பிடிக்கவில்லை. ஐந்து வீட்டுக்காரர்களுக்கு அவர்களைப் பிடிக்கவில்லை. மீதி இரண்டு, கணவனின் வாயாலும் கையாலும் போனவை. அவன் லிஃப்ட் மெக்கானிக். ஒரு வீட்டில் மின்பெட்டியைத் திறந்து பார்த்து, "இந்த ஒயரிங் பண்ணவர் யாரு, அவரை நான் பாக்கணுமே" என்றான். இன்னொன்றில் பால்கனிக் கைப்பிடியை லேசாக ஆட்டிக் காட்டப்போய், அது கையோடு வந்துவிட்டது.

அவளுக்குப் பல் மருத்துவமனையில் வரவேற்பு வேலை. நாள் முழுக்க "வாயைத் திறங்க" என்று சொல்கிற இடத்திலிருந்து ஒரு மணி நேர அனுமதியில் ஓடிவந்து, தெருமுனையில் நின்று, கணவனிடம் சொன்னாள்:

"இன்னிக்கு நீங்க வாயைத் திறக்கக் கூடாது. வணக்கம் சொல்லலாம். அதோட சரி."

"தண்ணி வருமான்னு கூட கேக்கக் கூடாதா?"

"நான் கேக்கறேன்."

அப்பாவின் கையைப் பிடித்து நின்ற மகள் சிரித்தாள். தரகர் சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு வந்தார். இடுப்பில் முப்பது சாவியாவது தொங்கும். அதனால் எல்லாருக்கும் அவர் 'சாவி'. "அக்கா, இது தங்கமான வீடு. நாலாவது மாடி. பாப்பா மணியடிச்ச பிறகு கிளம்பினாக்கூட பிரேயருக்குப் போயிடலாம். நாளைக்குக் காலையில வேற ரெண்டு பார்ட்டி பாக்க வராங்க. இப்பவே முடிச்சிடுங்க."

வீட்டுக்காரம்மா முதல் மாடியில் இருந்தார். அறுபது வயது, வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்கிற பேச்சு. ஐந்து பேரும் லிஃப்ட்டில் ஏறினார்கள். நான்காவது மாடியில் அது தரைக்கு இரண்டு விரல் கீழே நின்றது. கதவு திறந்ததும் இன்னும் ஒரு விரல் இறங்கியது. மற்றவர்கள் காலைத் தூக்கி வைத்து வெளியே போனார்கள். அவன் மட்டும் உள்ளேயே நின்று தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான். அவள் அவன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

வீடு உண்மையிலேயே நன்றாக இருந்தது. இரண்டு அறை, காற்று, ஒழுகாத குழாய். மகள் எந்த மூலை தனக்கு என்று அதற்குள் முடிவு செய்துவிட்டாள். வீட்டுக்காரம்மா வேலை, சம்பளம், விருந்தாளி எல்லாம் விசாரித்தார். அவள் பதில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"உங்க வீட்டுக்காரர் பேசமாட்டாரா?"

"கொஞ்சம் கூச்சம்மா."

கூச்சக்காரன் அப்போது அறையில் இல்லை. சாவியிடம் தண்ணீர்த் தொட்டி பார்க்கவேண்டும் என்று சொல்லி மொட்டை மாடிக்குப் போயிருந்தான். தொட்டிக்குப் பக்கத்தில்தான் லிஃப்ட்டின் மோட்டார் அறை.

"நாளைக்குப் பத்து மணிக்கு வாங்க, கையெழுத்துப் போட்டுடலாம்" என்று வீட்டுக்காரம்மா சொன்ன நிமிடத்தில் அவன் இறங்கி வந்தான். கையெல்லாம் கிரீஸ்.

"அம்மா, லிஃப்ட் பிரேக்ல, சக்கரத்தைப் பிடிக்கிற லைனிங்கே இல்ல. எண்ணெய் வேற ஒழுகி அது மேலயே விழுது. ஆளில்லாம கீழ கொண்டுபோய் நிறுத்திட்டு, மெயினை ஆஃப் பண்ணிப் பூட்டிட்டேன்."

"பூட்டிட்டீங்களா? எந்தப் பூட்டு?"

"என் பூட்டுதான். பையிலயே இருக்கும்."

அது அவர்கள் தொழிலின் பழக்கம். ஓடக்கூடாத லிஃப்ட்டைக் கண்டால் மின்சாரத்தை நிறுத்தி, சுவிட்சுக்குத் தன் சொந்தப் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொள்வான் மெக்கானிக். போட்டவன்தான் எடுக்கலாம். ஆனால் அதை வேலைக்குக் கூப்பிட்ட இடத்தில்தான் செய்வார்கள். வீடு பார்க்கப் போன இடத்தில் செய்தவன் இவனாகத்தான் இருக்கும்.

"என் கட்டடத்துல பூட்டுப் போட நீ யாருப்பா?" வீட்டுக்காரம்மாவின் மரியாதை ஒரே மூச்சில் இறங்கிவிட்டது. "எட்டு வருஷமா ஓடுது. திறந்துவிட்டா வீடு. இல்லன்னா நடையைக் கட்டு."

"திறந்துவிட்டு, மேல இருக்கறவங்க குழந்தையோட ஏறினா?"

"அக்கா, சொல்லுங்க அக்கா" என்று சாவி அவளைக் கெஞ்சினார்.

அவள் கணவனைப் பார்த்தாள். "நம்ம பாப்பாவை அதுல ஏத்துவீங்களா?"

"மாட்டேன்."

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டாள். நான்கு மாடியையும் படியில் இறங்கினார்கள். மகள் முன்னால் போனாள், திரும்பிப் பார்க்காமல்.

தெருவுக்கு வந்ததும் அவள் சொன்னாள்: "நீங்க சொல்றது சரிதாங்க. சரியா இருந்துக்கிட்டே எங்க குடியிருக்கறது?"

அவன் கையைத் துடைத்துக்கொண்டே நின்றான். மருத்துவமனையிலிருந்து போன் மூன்றாவது தடவையாக அடித்தது.

வெள்ளிக்கிழமை காலை அவள் விடுப்புச் சொல்லிவிட்டு, மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, தரகர் சாவி கொடுத்த வேறு இரண்டு முகவரிக்கும் போனாள். ஒன்றில் முந்தின நாளே ஆள் வந்தாயிற்று. மற்றதில் வீடு காலியாக மூன்று மாதமாகும் என்றார்கள். பள்ளியைச் சுற்றியுள்ள எல்லாத் தெருவிலும் மாடிகளை அண்ணாந்து பார்த்தபடி நடந்தாள். திரைச்சீலை இல்லாத ஜன்னலைக் கண்டால் மணியடித்தாள். ஒரு வீட்டில் திரைச்சீலையைத் துவைக்கப் போட்டிருப்பதாகச் சொன்னார்கள்.

இரண்டே காலுக்குச் சாவியிடமிருந்து போன் வந்தது. "அக்கா, எங்க இருக்கீங்க? உடனே அந்த வீட்டுக்கு வாங்க. சாரையும் வரச் சொல்லுங்க."

"எதுக்கு, திட்டு பாக்கி இருக்கா?"

"வாங்கக்கா, சொல்றேன்."

கணவன் வேலை இடத்திலிருந்து வந்து சேர்ந்ததும், மூன்று மணிக்கு மேல், சாவி வாசலிலேயே விஷயத்தைச் சொன்னார். காலையில் வீட்டுக்காரம்மா பூட்டை உடைப்பதற்காக வேறொரு மெக்கானிக்கைக் கூப்பிட்டிருக்கிறார். அவர் மேலே போய் பிரேக்கைப் பார்த்தார். பூட்டை உடைக்கவில்லை. அதற்குப் பக்கத்தில் தன்னுடைய பூட்டையும் ஒன்று மாட்டிவிட்டு இறங்கி வந்துவிட்டார். விஷயம் கட்டடம் முழுக்கப் பரவியது. வீடு பார்க்க வந்த முதல் பார்ட்டி இரண்டாவது மாடியில் மூச்சு வாங்கித் திரும்பினார்கள். அடுத்தவர் மூன்றாவது மாடிப் படியில் உட்கார்ந்து, தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

"நாலு மாடி ஏறிக் குடிவர்றதுக்கு இந்த ஊர்ல உங்களை விட்டா ஆளே இல்லக்கா" என்றார் சாவி.

வீட்டுக்காரம்மா ஒப்பந்தத்தைத் தயாராக வைத்திருந்தார். வணக்கம் கூடச் சொல்லவில்லை. கடைசிப் பக்கத்தில், தட்டச்சுக்குக் கீழே, பேனாவால் ஒரு வரி சேர்த்திருந்தார்: லிஃப்ட்டின் பராமரிப்பு நான்காவது மாடியில் குடியிருப்பவரின் பொறுப்பு.

"இது அநியாயம்மா" என்றாள் அவள். சுவர்க் கடிகாரத்தில் மூன்று இருபத்தைந்து.

"இஷ்டமிருந்தா போடு."

அவன் அந்த வரியை இரண்டு தடவை படித்தான். "பார்ட்ஸ் நீங்க வாங்கித் தரணும். வேலை நான் பாக்கறேன். ஆனா பொறுப்பு என்னுதுன்னா, நான் சொல்ற வரைக்கும் யாரும் ஏறக்கூடாது. நீங்களும்தான்."

"எனக்கு முட்டிவலிப்பா."

"மெதுவா ஏறுங்கம்மா. முதல் மாடிதானே."

பேனாவை அவள்தான் முதலில் எடுத்தாள்.

நகல் எடுக்கும் கடையில் நான்கு பேர் வரிசையில் நின்றார்கள். அவள் யாரையும் கேட்காமல் முன்னால் போய்க் காகிதத்தை நீட்டினாள். பள்ளி அலுவலகத்தில் எழுத்தர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். கடைசிப் பக்கத்தில் அவர் விரல் நின்றது.

"லிஃப்ட் பராமரிப்பா? இதென்னம்மா புதுசா இருக்கு?"

"அது ஒரு பெரிய கதை சார். தூரம் சரியா இருக்குல்ல?"

"தூரத்துக்கென்ன, எட்டிப் பாத்தா தெரியுது." முத்திரை குத்தினார். மூன்று ஐம்பத்திரண்டு.

வெளியே வந்து கேட்டுக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து நின்றாள். கணவன் போன் செய்தான்.

"என்னாச்சு?"

"வாங்கிட்டாங்க."

அந்தப் பக்கம் ஒரு நீண்ட மூச்சு கேட்டது. "பாப்பாகிட்ட நான் சொல்லட்டுமா?"

"நீங்களே சொல்லுங்க." பிறகுதான் அவளுக்கு அது உறைத்தது. "ஏங்க, பிரேக் லைனிங் எப்ப வருது?"

"புதன்கிழமை."

"நாம வீட்டைக் காலி பண்றது ஞாயித்துக்கிழமை. பீரோவை எப்படி ஏத்தறது?"



"பீரோ கதவைக் கழட்டிட்டா பாதி வெயிட் குறைஞ்சிடும்" என்றான்.