ஊருக்கு அல்சர்

என் கணவர் மகேசனுக்கு வந்தது குடல் புற்றுநோய். ஊருக்கு அது அல்சர். உள்ளதைச் சொன்னால் நாலு பேர் பழப்பையோடு வந்து, இருக்கிற மனுசனைப் போய்விட்டவரைப் போலப் பார்ப்பார்கள். அதற்கு நான் இடம் கொடுப்பேனா?

அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு ஸ்கானில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் கட்டியின் மரபணுத் துணுக்குகள் இன்னும் மிதக்கின்றன என்று இரத்தம் காட்டிக்கொடுத்துவிட்டது. மருந்து ஏற்றினார்கள். ஒரு காலத்தில் யானை விலை விற்ற பரிசோதனை இப்போது மலிந்துவிட்டதால், அடிக்கடி இரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். இன்றைய முடிவில் துணுக்கு இல்லையென்றால் மருந்தை நிறுத்துவார்கள். இருந்தால்... அதை நான் நினைக்கவே இல்லை.

மகேசனோடு வெஸ்ட்லிக்குப் போகும் ரெயிலில் ஏறினால், எதிரே பிலேந்திரன்! தமிழ்க் கடைக்காரர். அவர் காதில் ஒன்று விழுந்தால் ஒஸ்லோ முழுக்கப் பறை அடித்த மாதிரி.

"அண்ணைக்கு அல்சர் எப்பிடி, அக்கா?"

"இப்ப சுகம். உறைப்பைத்தான் குறைச்சிருக்கிறம்."

அந்த நேரம் பார்த்துக் கைபேசி அடித்தது. ஆசுபத்திரித் தாதி நோரா. மகேசன் அதை எடுக்காமல் என்னைப் பார்த்தார். பிடுங்கி நானே காதில் வைத்தேன். அவள் சொல்லி முடிக்கவில்லை, நான் எழும்பிவிட்டேன்.

ஒஸ்லோ ரெயிலுக்குள் தும்முவதற்கே ஆட்கள் யோசிப்பார்கள். நான் கத்தினேன்.

"இஞ்சேருங்கோ! ரத்தத்திலை கான்சரின்ரை ஒரு துணுக்கும் இல்லையாம்! மருந்தை நிப்பாட்டலாமாம்!"

மகேசன் சிரித்துக்கொண்டே அழுதார். நாய்க்குட்டியோடு இருந்த ஒரு நொர்வேக் கிழவி, என்னவென்று தெரியாமலே கைதட்டினாள். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பிறகுதான் பிலேந்திரனின் ஞாபகம் வந்தது. ஐயோ, கிழிஞ்சுது போ!

"ஓம் தம்பி, கான்சர்தான். போய் எல்லாருக்கும் சொல்லுங்கோ!" என்றேன். இன்றைக்கு எனக்கு ஒருத்தருக்கும் பயமில்லை.

அவர் ஜாக்கெட் கையை மேலே இழுத்தார். முழங்கை மடிப்பில் பஞ்சும் பிளாஸ்டரும்.

"நானும் கான்சருக்கு ரத்தம் சோதிக்கக் குடுத்திட்டுத்தான் வாறன், அக்கா. ஊருக்கு நாரிப்பிடிப்பு, இடுப்பு நோ எண்டு சொல்லி வைச்சிருக்கிறன்."

"மனிசிக்கு?"

"அவவுக்கும் நாரிப்பிடிப்புத்தான்."

எனக்கு வந்த கோபத்துக்கு அவரை அடித்திருப்பேன். அந்த மனுசனின் கண்ணைப் பார்த்ததும் கோபம் அடங்கிவிட்டது. மகேசன் எழுந்துபோய் அவருக்குப் பக்கத்தில் இருந்தார்.

"முதல் மனிசிக்குச் சொல்லும், பிலேந்திரன். நாங்களும் வாறம்."

வெஸ்ட்லியில் இறங்கி, மூவரும் அவர் வீட்டுப் பக்கம் நடந்தோம்.