விற்கிற வீட்டுப் பெண்ணுக்கு ஒரு புடவை

லஞ்சம் என்று எழுதியிருந்தானாம், அந்த வெளிநாட்டு வீட்டுப் புரோக்கர். அந்த வார்த்தையை அப்படியே போடவில்லை, நாசூக்காகத்தான் எழுதியிருந்தான் என்று என் மகள் ஜெயப்ரியா சொன்னாள். நாசூக்காகச் செருப்பால் அடித்தால் வலிக்காதா?

லஞ்சம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அது கவரில் போகும். கவர் மேல் பெயர் இருக்காது. நான் அனுப்பிய பெட்டியில் மஞ்சள் இருந்தது, குங்குமம் இருந்தது. மேலே எம்.பரிமளா என்று என் பெயர், கதவு எண், தெரு, ஆரணி, பின்கோடு, போன் நம்பர் எல்லாம் இருந்தது. பின்கோடு போட்டு எவனாவது லஞ்சம் கொடுப்பானா?

நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே நியாயம் சொல்லுங்கள்.

ஜெயப்ரியாவும் மாப்பிள்ளை ஹேமநாத்தும் நெதர்லாந்துக்குப் போய் ஆறு வருடம் ஆகிறது. இரண்டு பேருக்கும் கம்ப்யூட்டர் வேலை. வாடகை வீட்டில் இருந்தார்கள். அவளுக்கு ஆறாம் மாதம் நடக்கும்போது வீட்டுக்காரன் ஆகஸ்டோடு காலி செய்யச் சொல்லிவிட்டான். பிரசவமும் ஆகஸ்டில். அங்கே வாடகைக்கு வீடு கிடைப்பது குதிரைக்கொம்பு. அதனால் கடன் போட்டுச் சொந்தமாகவே வாங்கிவிடலாம் என்று இறங்கினார்கள்.

அந்த ஊரில் வீடு வாங்குகிற லட்சணத்தைக் கேளுங்கள். வீட்டைப் பார்க்க இருபது நிமிடம் கொடுப்பார்கள். உனக்கு முன்னால் ஒரு ஜோடி, பின்னால் ஒரு ஜோடி, வாசலில் வரிசை. அதற்குப் பிறகு உன் விலையை நீ எழுதிப் புரோக்கருக்கு அனுப்ப வேண்டும். அடுத்தவன் என்ன எழுதினான் என்று உனக்குத் தெரியாது. நாம் இங்கே பத்து சென்ட் இடம் வாங்க நாலு தடவை நடப்போம், தண்ணீரைக் குடித்துப் பார்ப்போம், பக்கத்து வீட்டில் விசாரிப்போம். இருபது நிமிடத்தில் நான் ஒரு புடவைகூட எடுக்கமாட்டேன். இப்படி நாலு வீட்டைக் கேட்டு நாலும் கைநழுவிப் போனது.

ஐந்தாவது வீட்டைப் பார்த்தபோது ஜெயப்ரியா போனில் வீடியோ எடுத்து அனுப்பினாள். என் வீட்டுக்காரர் முருகேசன், முள்ளிப்பட்டில் பதினெட்டு வீட்டுத் தறிகளுக்குப் பட்டும் ஜரிகையும் கொடுத்துப் புடவை நெய்து வாங்குகிறவர். அன்றைக்கு வந்த புடவைகளை ஒதுக்கிவைத்துவிட்டு என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். ஒரே மாதிரி செங்கல் வீடுகள், ஒன்றோடொன்று ஒட்டி, தெரு முழுக்க ஒரே வரிசை. முன்னால் கையகலத் தோட்டம், சுவரளவு கண்ணாடி ஜன்னல். உள்ளே பாய் விரித்துப் படுத்தால் தெருவே பார்க்கும்.

"இன்னா பரிமளா, நம்ம ஊர் தொகுப்பு வீடு மாதிரியே கீது?" என்றார்.

ஜெயப்ரியா போனில் சிரித்தாள். "அதேதாம்பா. ரெண்டாவது உலகச் சண்ட முடிஞ்சப்போ ஜனங்களுக்கு வீடு இல்ல. கவர்மென்ட்டு ஜல்தியா வரிசை வரிசையா கட்டிச்சு. எழுபது வருஷம் ஆவுது, ஒரு விரிசல் இல்ல."

"எவ்ளோ?"

"நம்ம காசுல நாலேகால் கோடி."

"தொகுப்பு வீட்டுக்கா? அதுல ஆரணி பஜார் பாதிய வாங்கலாமே!"

"ஆரணி பஜாருல இருந்துகினு இங்க வேலைக்குப் போவ முடியாதுப்பா."

ஆனால் அவளுக்கு அந்த வீடு பிடித்துவிட்டது. குரலிலேயே தெரிந்தது. மாடியில் சின்ன அறை ஒன்று, ஜன்னலுக்கு வெளியே ஒரு மரம். "இதான் பாப்பா ரூம்மா" என்றாள். முந்தைய நாலு வீட்டுக்கும் அவள் அப்படிச் சொல்லவில்லை.

வீடியோவில் கக்கூஸையும் காட்டினாள். உள்ளே ஒரு காலண்டர் தொங்கியது. அந்தக் குடும்பத்தார் பிறந்தநாளையெல்லாம் அதில் எழுதி வைத்திருக்கிறார்கள். அங்கே எல்லார் வீட்டிலும் அப்படித்தானாம். பிள்ளைகள் பெயரைத் தொங்கவிட வேறு இடமா கிடைக்கவில்லை என்று நான் திட்டினேன். பிறகு சமையலறை வந்தது. காலி அலமாரிகள். ஒரு பெண்மணி, அறுபது அறுபத்தைந்து வயதிருக்கும், சிங்கைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பளபளவென்று இருந்த சிங்கை மறுபடி மறுபடி தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அது யாரு?"

"அவங்கதாம்மா இந்த வீட்டுப் பொண்ணு. பேரு இனேகா. அவங்க அம்மா செத்துட்டாங்க, அதான் விக்கிறாங்க. கூடப் பொறந்தவங்க ரெண்டு அண்ணனுங்க. இவங்க இந்த வீட்டுலயே, மாடி ரூம்லயே பொறந்தாங்களாம்."

அந்த சிங்கைத் தேய்க்கிற கை எனக்குத் தெரியும்.

முள்ளிப்பட்டில் எங்கள் அப்பா வீட்டை என் தம்பி ராஜ்குமார் விற்று இருபத்திரண்டு வருடம் ஆகிறது. நான் அந்த வீட்டில்தான் பிறந்தேன். பத்திரத்தில் என் கையெழுத்தும் வேண்டும் என்பதால் கூப்பிட்டார்கள். போனேன், போட்டேன். எங்கள் பக்கத்தில் ஒரு முறை உண்டு. வீட்டை வாங்குகிறவர்கள், விற்கிற வீட்டில் பிறந்த பெண்ணுக்கு வெற்றிலைபாக்கு, மஞ்சள் குங்குமத்தோடு ஒரு புடவை வைத்துக் கொடுப்பார்கள். அவள் மனம் நிறைந்து வெளியே போனால்தான் உள்ளே வருகிறவர்கள் நன்றாக இருப்பார்கள் என்பது எங்கள் நம்பிக்கை. எனக்கு ஒரு ரவிக்கைத் துணிகூட யாரும் வைக்கவில்லை. புடவை வியாபாரி பெண்டாட்டிக்கு எதற்குப் புடவை என்று நினைத்தார்களோ என்னவோ. ஒரு வாய் காபிகூட இல்லை. கையெழுத்து வாங்கியதும் பேனாவைப் பிடுங்கிக்கொண்டு எழுந்துவிட்டார்கள். இன்றைக்கும் முள்ளிப்பட்டுப் போனால் அந்தத் தெரு வழியாக நான் போகமாட்டேன். ராஜ்குமாரோடு பேசுகிறேன், சிரிக்கிறேன். ஆனால் அது உள்ளே அப்படியேதான் இருக்கிறது.

என் பேரப்பிள்ளை வளரப்போகிற வீட்டில் அப்படி ஒரு மனக்குறை தங்கக் கூடாது என்று நினைத்தேன். இது தப்பா?

முள்ளிப்பட்டில் கன்னியம்மாள் நெய்து கொடுத்த புடவை ஒன்று அந்த வாரம்தான் வந்திருந்தது. மாம்பழக் கலர், அரக்கு பார்டர், கையில் எடுத்தால் கனமே தெரியாது. விலாசம் ஜெயப்ரியா அனுப்பிய வீட்டு விளம்பரத்திலேயே இருந்தது. அவளைக் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பாள் என்று தெரியும். வெற்றிலைபாக்கை வாங்கமாட்டோம் என்று கூரியர் ஆபீஸில் சொல்லிவிட்டதால் மஞ்சளும் குங்குமமும் மட்டும் பொட்டலம் கட்டி வைத்தேன். சனிக்கிழமை வீடு பார்த்தார்கள், ஞாயிற்றுக்கிழமை அனுப்பினேன். வெள்ளிக்கிழமை பகலுக்குள் விலை எழுதித் தர வேண்டும். பெட்டி வியாழக்கிழமையே போய்ச் சேர்ந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மகள் போன் செய்தாள். ஹலோகூட இல்லை.

"அம்மா, அந்த வீட்டுக்கு நீ பொடவ அனுப்பினியா?"

"ஆமா, வந்துடுச்சா? கலர் அவங்களுக்கு..."

"யாரும்மா உன்ன கேட்டது?" அவள் கத்தியதில் முருகேசன் கணக்கு நோட்டை மூடிவிட்டு எழுந்து வந்தார். "விக்கிறவங்க மனச மாத்துற மாதிரி பரிசு அனுப்பினதால எங்க விலைய எடுத்துக்கவே மாட்டானாம். மெயில் போட்டுக்கிறான் புரோக்கர். நாங்க லஞ்சம் குடுக்கிற ஆளுங்களாம்மா? ஆபீஸ்ல வெளிய சொல்ல முடியாது. பாப்பா ரூம்னு சொன்னேனே, உங்கிட்ட சொன்னேனே!"

"லஞ்சமா? அது சீருடி! எழுதுடி அவனுக்கு, எங்க ஊர் முறைன்னு எழுது. அவன் பாட்டுக்கு..."

"எழுதிட்டேன். முடிஞ்சுபோச்சு."

வைத்துவிட்டாள். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் புரோக்கரை, அவன் அப்பனை, அவன் ஊரை, இருபது நிமிடத்தில் வீடு காட்டுகிற அந்த நாட்டை, எல்லாரையும் திட்டினேன். முருகேசன் போய்க் கணக்கு நோட்டை மறுபடி திறந்தார். அதற்காக அவரையும் திட்டினேன்.

அதற்குப் பிறகு ஜெயப்ரியா என்னிடம் பேசவில்லை. மாப்பிள்ளைதான் இரண்டு நாளைக்கு ஒருமுறை போன் செய்து, "நல்லா இருக்காங்க அத்தை, சாப்பிட்டாங்க" என்பார். அவளுக்கு ஏழாம் மாதம் தொடங்கியது. பெற்ற பெண்ணின் வயிறு எவ்வளவு பெரிதாயிருக்கிறது என்று மாப்பிள்ளையைக் கேட்கவா முடியும்?

இருபத்தாறாம் நாள் கூரியர்க்காரர் வந்தார். என் பெட்டியேதான், திரும்பி வந்திருந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த பட்டு என்று வரி போட்டிருக்கிறார்கள். இரண்டாயிரத்து நானூறு ரூபாய் கட்டினால்தான் கொடுப்பாராம். ஆரணியில் நெய்த புடவை ஆரணிக்குள் வர வரி! யாரைக் கேட்பது? இப்படியுமா பேஜார் பண்ணுவார்கள் என்று தெருவே கேட்கக் கத்திவிட்டுக் கட்டினேன்.

பெட்டியைத் திறந்தேன். நான் மடித்து அனுப்பிய மடிப்பு இல்லை. யாரோ பிரித்து, போர்வையை மடிக்கிற மாதிரி நாலு மூலையும் சேர்த்து மடித்திருந்தார்கள். விரித்துப் பார்த்தேன். முந்தானைக்குக் கொஞ்சம் மேலே, தோள் வருகிற இடத்தில், ஊக்கு குத்திய இரண்டு சின்ன ஓட்டைகள். யாரோ கட்டியிருக்கிறார்கள். உள்ளே ஒரு கடிதம், இங்கிலீஷில், கையெழுத்தில். கூட்டெழுத்து எனக்குப் புரியவில்லை. போட்டோ எடுத்து ஜெயப்ரியாவுக்கு அனுப்பினேன்.

பத்து நிமிடத்தில் வீடியோவில் வந்தாள். முகம் வீங்கியிருந்தது, வயிறு நன்றாகப் பெரிதாகியிருந்தது. நலம் விசாரிக்கவில்லை. "படிக்கிறேன், கேளு" என்றாள். ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள்.

"புரோக்கர் இதத் திருப்பியே ஆகணும்னு சொல்லிட்டார். எங்க அண்ணனுங்களும் அதையே சொன்னாங்க. வீடு யாருக்குன்னு முடிவு பண்ணதும் அவங்கதான். நான் கையெழுத்து மட்டும் போட்டேன். அனுப்பறதுக்கு முன்னாடி போன்ல பாத்து இதக் கட்டிப் பாத்தேன். சரியா வரல. அப்படியே எங்க அம்மா சமையல்கட்டுல காபி போட்டு, நின்னுகினே குடிச்சேன். அந்த வீட்டுல நான் கடைசியா குடிச்ச காபி அது. வீடு பாக்க நாப்பது பேர் வந்தாங்க. இங்க யாரு பொறந்தாங்கன்னு ஒருத்தரும் நெனக்கல, நீங்க நெனச்சீங்க."

அடுத்த வரியில் நின்றுவிட்டாள்.

"படி" என்றேன்.

"உங்க பொண்ணு எழுதின விலதான் எல்லாத்தையும் விட ஜாஸ்தி. இதச் சொல்லக் கூடாது. ஆனா உங்களுக்குத் தெரியணும்."

புடவை போகாமல் இருந்திருந்தால் அந்த மாடி அறை என் மகளுடையது. இதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றினேன். இன்னும் ஒன்றும் இருக்கிறது. அதை முருகேசனிடம்கூட அன்றுவரை சொல்லவில்லை. புடவைக்குள் நான் ஒரு சீட்டு வைத்திருந்தேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், "முழு மனதோடு உங்கள் வீட்டை என் மகள் ஜெயப்ரியாவுக்கே கொடுங்கள்" என்று எழுதி. பத்திரம் முடிந்த பிறகு வைக்கிற புடவையை விலை பேசுவதற்கு முன்பே அனுப்பினேன். அதோடு விடாமல் கேட்டும் வைத்தேன். எங்கள் ஊரில் எவளும் அப்படிக் கேட்டு வைக்கமாட்டாள். சீர் சீராகத்தான் கிளம்பியது, என் சீட்டுதான் அதைக் கெடுத்தது. அந்தப் புரோக்கரை இன்னும் எனக்குப் பிடிக்காது, ஆனால் அவன் படித்தது என் கையெழுத்தைத்தான்.

"தப்பு எம்மேலதாண்டி" என்றேன். முப்பது வருடத்தில் அவளிடம் முதல்தடவையாகச் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

அவள் மூக்கை உறிஞ்சினாள். "சனிக்கிழம இன்னொரு வீடு பாக்கப் போறோம். அதுக்கு நீ ஒரு கர்ச்சீப்புகூட அனுப்பக் கூடாது."

"அனுப்பல."

"கையெழுத்து ஆனப்புறம் நானே சொல்றேன், அப்போ அனுப்பு."

"சரி."

"அந்தப் பொடவய..." என்று இழுத்தாள். "அவங்க கடைசில அவங்க விலாசம் எழுதிக்கிறாங்கம்மா. புது விலாசம்."

மறுநாள் காலையில் புடவையைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தபோது முருகேசன் பக்கத்தில் வந்து நின்றார்.

"வீடுதான் போச்சே. வரி வேற கட்டி வாங்கின. திரும்ப எதுக்கு அனுப்புற?"

"வீட்டுக்கு அனுப்பலைங்க" என்றேன். "காபிகூட நின்னுகினே குடிச்சிருக்கா."

என் கையிலிருந்து புடவையை வாங்கி, எங்கள் கடை மடிப்பில் அவரே மடித்துக் கொடுத்தார். ஊக்கு ஓட்டை உள்பக்கமாகப் போனது. மஞ்சள், குங்குமம் வைத்தேன். கூரியர் ஆபீஸில் இருந்த பெண், "உள்ள லெட்டர் ஏதாவது இருக்குதாக்கா?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன். இந்தத் தடவை ஒரு வரிகூட எழுதவில்லை.