பூநாரைகள் எழும்பியபோது

ஆரணியில் விசைத்தறி வைத்திருக்கும் தென்னரசுக்குத் திடீரென்று பறவை பார்க்கும் ஆசை ஏன் வந்தது என்று அவன் மனைவி பவித்ராவுக்குப் பிடிபடவில்லை. மார்கழி பிறந்ததிலிருந்து ஞாயிறு தவறாமல் பழவேற்காட்டுக்குப் போய்விடுகிறான். போன் செய்தால் எடுப்பதில்லை. கட் செய்துவிட்டு, 'அப்புறம்' என்று வாட்ஸப்பில் அனுப்புவான். வீட்டில் ஏதாவது கேட்டாலும் சிரித்து மழுப்பினான்.

"இந்த வாரம் நானும் வரேங்க" என்றாள்.

"மணல்ல நடக்கணும் பவி. உனுக்கு எதுக்கு பேஜாரு?"

அந்தப் பதிலிலேயே அவள் சந்தேகம் முற்றிவிட்டது. பிடிவாதமாகக் கிளம்பினாள்.

ஏரிக்கும் கடலுக்கும் நடுவே நீண்டு கிடந்த மணல் தீவில் ஏழெட்டுப் பேர் வரிசையாக நடந்தார்கள். கூட்டிப்போனவள் சூர்யகலா, சென்னையில் கல்லூரி ஆசிரியை. "பேச வேணாம், கையால காட்டுங்க" என்று கிளம்பும்போதே சொல்லிவிட்டாள்.

பவித்ரா வேண்டுமென்றே பின்தங்கினாள். சூர்யகலா தென்னரசின் தோளைத் தட்டி எதையோ காட்டினாள். அவன் முகம் மலர்ந்தது. வீட்டில் அந்த முகத்தைப் பார்த்து எத்தனை நாளாயிற்று! அப்புறம் சூர்யகலா தன் போனில் ஏதோ எழுதி அவன் கண்முன் நீட்டினாள். பக்கத்தில் நிற்பவனுக்கு எழுதிக் காட்டுவானேன்? யாருக்கும் கேட்கக்கூடாத பேச்சா?

"ஏங்க!"

அவன் திரும்பவில்லை.

"ஏங்க, உங்களத்தான்!"

மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் போய்க்கொண்டே இருந்தான். பவித்ராவுக்கு அவமானத்தில் கண் கலங்கியது.

அப்போது பின்பக்கம் ஏரியில் ஒரு படகின் மோட்டார் உறுமியது. ஆழமில்லாத தண்ணீரில் நின்ற பூநாரைகள் அத்தனையும் கத்திக்கொண்டே ஒன்றாக எழும்பின. எல்லோரும் திரும்பி வாய் பிளந்து நின்றார்கள். தென்னரசு மட்டும் நடந்துகொண்டிருந்தான்.

பவித்ரா ஓடிப்போய் அவனை மறித்தாள்.

"காது கேக்கலியா உங்களுக்கு?"

அவள் உதடுகளையே பார்த்தவன் தலைகுனிந்தான்.

"ஒரு வருஷமா கொறஞ்சிகினே வருது. தறி சத்தம்தான். அந்த டீச்சரம்மாதான் மொதல்ல கண்டுபுடிச்சாங்க."

"ஏன் சொல்லல?"

"செவுடனாயிட்டேன்னு எப்பிடி சொல்றது? இங்க யாரும் பேசமாட்டாங்க பவி. எல்லாம் கைஜாடைதான். நானும் அவங்கள மாதிரி இருக்கலாம்."

சந்தேகப்பட்டதற்கு அவளுக்கு வெட்கமாக இருந்தது. கோபமும் போகவில்லை.

"எங்கிட்ட கூடவா?" என்றாள் மெதுவாக.

"இன்னா?"

அவன் காதருகே போய்க் கத்தினாள். "நாளைக்கு வேலூர் போறோம்! காது டாக்டர்கிட்ட!"

கரையோரம் இருந்த ஆலாப் பறவைகள் மிரண்டு பறந்தன. சூர்யகலா உதட்டில் விரல் வைத்தாள்.

"போலாம்" என்றான் தென்னரசு.

பவித்ரா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். மற்றவர்கள் வந்து சேரும்வரை இருவரும் மணலில் நின்றார்கள்.