குளிர்கால விசாவுக்கு முதலிடம்

கின்ஷாசாவின் லெம்பா பேட்டையில், பிபிஷம்மாவின் பீர்க் கடையில் உட்கார்ந்து தனக்குப் பிடித்த பத்து ஆல்பங்களை வரிசைப்படுத்திச் சொல்வது, வாயால் சொல்லிவிட்டு எழுந்து போகிற காரியமில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, போட்ட வெள்ளைச் சட்டை கசங்குவதற்குள் எல்லோரும் வந்துவிடுவார்கள். முறை யாருடையதோ அவர் பத்தாவதில் தொடங்கி மேலே வர வேண்டும். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பாட்டு ஸ்பீக்கரில் ஓடும். பாட்டு முடிந்ததும் குறுக்கு விசாரணை. கின்ஷாசாக்காரனிடம் அவன் கட்சியைக் குறை சொல்லலாம், அவன் மாமியாரைக் குறை சொல்லலாம், சிரித்துக்கொண்டே பீரை ஊற்றித் தருவான். அவன் ஆறாவதாக வைத்ததை ஒன்பதாவதுக்குத் தள்ளு என்று சொல்லிப் பாருங்கள், நாற்காலி கவிழும்.

ன்சூசியின் முறை வரும் ஞாயிறுகளில் கூட்டம் கொஞ்சம் அதிகம்தான். அவர் ஃப்ரிட்ஜ் பழுது பார்க்கிறவர், ஐம்பதைத் தாண்டியாயிற்று, குரலை உயர்த்தத் தெரியாத மனிதர். ஆனால் காது இருக்கிறதே, அது சுத்தமான காது. பத்திலிருந்து இரண்டு வரைக்கும் அவர் சொல்கிற ஒன்பதிலும் ஒருவரும் விரல் வைக்க முடியாது. பழைய ரும்பா, அதற்கடுத்த தலைமுறை, பிரிந்துபோன குழுக்கள் பிரிவதற்கு முன் போட்ட கடைசி ஆல்பம் என்று ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் உட்கார்ந்திருக்கும். பிறகு முதலிடம் வரும். 'குளிர்கால விசா' என்பார்.

லிபெலா குழு பிரஸ்ஸல்ஸில் போய் அவசர அவசரமாகப் பதிவு செய்த ஆல்பம் அது. போட்டவர்களே மறந்துபோன ஆல்பம். இதைத் தூக்கி உச்சியில் வைத்துவிட்டு மனிதர் சாதுவாகத் தண்ணீர் குடிப்பார். உடனே கலோஞ்சி எழுந்து நிற்பார். கலோஞ்சி கணக்கு வாத்தியார், ன்சூசிக்குப் பால்ய சிநேகிதர், அந்தக் கடையின் அரசுத் தரப்பு வக்கீல் என்றே அவரை வைத்துக்கொள்ளலாம். மேளக்காரனுக்கு டிக்கெட் எடுக்கக் காசில்லாமல் மெஷினை வைத்துத் தட்டியிருக்கிறார்கள் என்பார். கிட்டார் தையல் மெஷின் மாதிரி ஓடுகிறது என்பார். “குடும்பப் போட்டோவைக் கொண்டுவந்து மாட்டிட்டு, ஓவியப் போட்டியில பரிசு கொடுன்னு கேக்கறியே மச்சான், இது நியாயமா?” என்று கேட்பார்.

கலோஞ்சி சொன்னது பொய்யில்லை. அது குடும்பப் போட்டோதான். கடையில் இருக்கிற எல்லோருக்கும் அது தெரியும்.

எங்கள் பாட்டுகளில் பாடகன் பாடி ஓய்ந்து, கிட்டார்கள் ஓட்டமெடுத்ததும், கூவுகிறவன் ஒருவன் உள்ளே வருவான். இடுப்பை ஆட்டு, காலை மாற்று என்று கூவுவான். நடுநடுவே ஆட்களின் பெயரையும் கூவுவான். அதைக் கல் எறிவது என்போம். வியாபாரி, மந்திரி, கல்யாணப் பெண், யார் பெயர் வேண்டுமானாலும் கல்லாகும். எறிந்த கல் எறிந்ததுதான், ஆல்பம் இருக்கிற வரைக்கும் அந்தப் பெயர் இருக்கும்.

ன்சூசி இரட்டையரில் இளையவர். மூத்தவன் ன்சிம்பா. இருபத்தெட்டு வயதில் அவன், மட்டாடி துறைமுகத்தில் ஐரோப்பா போகிற ஒரு சரக்குக் கப்பலில் ஒளிந்து ஏறப் போகிறேன் என்று தொலைபேசியில் சொன்னான். போய்ச் சேர்ந்ததும் பேசுகிறேன் என்றான். அதோடு சரி. அம்மா முதலில் சாப்பாட்டைக் குறைத்தாள், பிறகு பேச்சைக் குறைத்தாள். அழுகையை மட்டும் குறைக்கவில்லை. அடுத்த வருஷமும் போயிற்று. அப்போதுதான் 'குளிர்கால விசா' வந்தது. அதில் நாலாவது பாட்டின் ஓட்டத்தில், கூவுகிறவன் தொண்டை கிழிய ஒரு கல்லை எறிந்தான். “ன்சிம்பா வந்து சேர்ந்தாச்சு! ன்சூசி பின்னாலயே வரான்! இரட்டையரோட அம்மா, இனிமே அழாதே!”

வேறு என்ன வேண்டும்? அம்மா தெருவில் இறங்கி வந்தாள். பாட்டுக் கடைக்காரனை மறுபடி மறுபடி போடச் சொன்னாள். இடுப்புத் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஆடினாள், தெருவே கூட ஆடியது. அதற்குப் பிறகு அவள் அழவில்லை. ஏன் அவன் பேசவில்லை என்று யாராவது கேட்டால் அங்கே தங்கக் காகிதம் இல்லாமல் இருப்பான், போலீஸ் ஒட்டுக் கேட்கும், வெட்கமாக இருக்கும், வெறுங்கையோடு பேச மனம் வராது என்று நூறு காரணம். காரணம் கண்டுபிடிக்க உட்கார்ந்தால் மனிதனுக்குப் பஞ்சமா என்ன. ன்சூசியும் ஒரு பெட்டி வாங்கி வைத்தார், பின்னாலேயே போக வேண்டுமே. அம்மா கண்ணை மூடும்போதுகூட மூத்தவனுக்கு எது சமைத்தால் பிடிக்கும் என்று ன்சூசியின் தங்கை லாண்டுவிடம் சொல்லிவிட்டுத்தான் மூடினாள். அவனுக்காக அந்த வீட்டில் யாரும் துக்கத்துக்கு உட்கார்ந்ததில்லை. உயிரோடு இருக்கிறவனுக்கு எதற்குத் துக்கம்?

ஆகவே முதலிடம். கலோஞ்சி வாதாடுவதில் ன்சூசிக்கு உள்ளூரச் சந்தோஷம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு சண்டையிலும் ன்சிம்பாவின் பெயர் அடிபடும். “வரட்டும் உங்கண்ணன், இந்தக் குப்பையில ஏன்டா பேரைப் போட்டேன்னு அவனையே கேக்கறேன்” என்று முடிப்பார் கலோஞ்சி. வரட்டும் என்ற அந்த ஒரு சொல்லுக்காக ன்சூசி எவ்வளவு ஏச்சையும் வாங்கிக்கொள்வார்.

அப்பேர்ப்பட்ட கலோஞ்சிதான் இதைச் செய்தது. கெட்ட எண்ணம் துளியும் இல்லை, பாவம். அந்தக் கல்லை எறிந்த ஆள், லிபெலா குழுவில் கூவிவிட்டு பிரஸ்ஸல்ஸிலேயே தங்கிவிட்ட சைரன் என்பவர், அக்கா மகள் கல்யாணத்துக்காக ஊருக்கு வந்திருக்கிறார் என்று காதில் விழுந்தது. நகரத்தின் மறுகோடிக்கு அலைந்து, கல்யாண வீட்டு வாசலில் காத்துக் கிடந்து ஆளைப் பிடித்தார். ன்சூசியின் முறை வரும் ஞாயிற்றுக்குக் கூட்டி வருவதாக ஏற்பாடு. சைரனிடம் விஷயத்தைச் சொல்லவில்லை. உங்கள் ஆல்பத்துக்கு முதலிடம் கொடுக்கிற ஒரே ஜீவன் எங்கள் பேட்டையில் இருக்கிறது, வந்து பாருங்கள் என்று மட்டும் சொன்னார். ன்சூசியிடம்தான் முன்கூட்டியே சொல்லிவிட்டார். சொன்ன அன்று முழுக்க ன்சூசிக்கு வேலை ஓடவில்லை. அந்த ஞாயிறு விடிந்ததுமே லாண்டு வீட்டில் மரவள்ளிக் கீரையை இடிக்க ஆரம்பித்துவிட்டாள், விருந்தாளியை நேரே சாப்பிடக் கூட்டி வந்துவிட வேண்டும் என்று ஆணை.

சைரன் நல்ல மனிதர். உடம்பு பெருத்து, தலை நரைத்து, பேசும்போதே மூச்சு வாங்கியது. ஆனாலும் கையைப் பிடித்தால் விடாத பிரியம். பிபிஷம்மா இலையில் கட்டிச் சுட்ட மீனை அவர் முன்னால் முதலில் வைத்தாள். ன்சூசி பத்து, ஒன்பது, எட்டு என்று மளமளவென்று சொல்லிக்கொண்டு போனார். அன்று யாரும் குறுக்கே விழவில்லை, எல்லோருக்கும் மேலே போகிற அவசரம். இரண்டாம் இடத்துப் பாட்டு முடிந்ததும் அவர் நிறுத்தினார். நாற்காலியைச் சைரன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, நாலாவது பாட்டில் எறிந்த இரட்டையர் கல் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டார். கேட்கும்போது சிரித்துக்கொண்டிருந்தார்.

சைரன் தொடையைத் தட்டினார். “மறக்குமா அண்ணே அது? எத்தனையோ பேருக்குக் கல் எறிஞ்சிருக்கேன், எல்லாம் காசுக்கு. அது ஒண்ணுதான் மனசார எறிஞ்சது. எங்க ஸ்டுடியோவுக்கு எதிர்ல கிளாரிஸ்னு நம்ம ஜனத்து அம்மா ஒருத்தங்க, சலூன் வெச்சிருந்தாங்க. வருஷக் கணக்கா புள்ள இல்ல. பொழுதன்னிக்கும் அழுவாங்க. நாங்க பதிவுக்கு உக்காந்திருந்த அன்னைக்குக் காலைல அவங்க புருஷன் ரோட்டைக் கடந்து ஓடி வரார், ஒரு கால்ல செருப்பே இல்ல. ஒண்ணு வந்துருச்சு, இன்னொண்ணு பின்னாலயே வருதுன்னு கத்தறார். நான் அப்படியே மைக் முன்னால போயி அதையே கூவிட்டேன். ரெண்டும் ஆம்பளப் புள்ளைங்க. இப்ப என்னைவிட உசரம். என்னை ஏர்போர்ட்ல கொண்டாந்து விட்டது அவனுங்கதான்.”

சொல்லி முடித்துச் சிரித்தார். கூடச் சிரிக்க ஆள் இல்லாததால் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கலோஞ்சி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ன்சூசி மெதுவாகத்தான் கேட்டார். மட்டாடியிலிருந்து கப்பலில் வந்தவன், என்னைப் போலவே முகம், இடது புருவத்தில் ஒரு வெட்டு, ன்சிம்பா என்று பெயர், அப்படி யாராவது அந்த ஸ்டுடியோ பக்கம் வந்ததுண்டா, ஒருவேளை ஒரே ஒரு தடவை, வேறு யாருடனாவது. சைரனுக்கு அப்போதுதான் புரிந்தது. மீனைத் தொட்ட கையைத் துடைக்காமல் அப்படியே வைத்துக்கொண்டார்.

“அண்ணே,” என்றார். “நம்ம ஜனத்துல இரட்டைப் புள்ள பொறந்தா யாரு பேரு வெக்கறா? மூத்தவன் ன்சிம்பா, இளையவன் ன்சூசி. எல்லா வீட்லயும் அதுதானே.”

அட, இது யாருக்குத்தான் தெரியாது? அந்தத் தெருவிலேயே இன்னும் இரண்டு ன்சிம்பாக்கள் இருக்கிறார்கள், பிபிஷம்மாவின் சித்தி பிள்ளைகளும் ன்சிம்பா ன்சூசிதான். அம்மாவுக்குத் தெரியாதா, லாண்டுவுக்குத் தெரியாதா, இத்தனை ஞாயிறுகள் உட்கார்ந்து கேட்ட கூட்டத்துக்குத் தெரியாதா? தெரியும். கையெட்டும் தூரத்திலேயே கிடந்தது. குனிந்து எடுக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

சைரன் ஏதேதோ மன்னிப்புக் கேட்டார். தெரிந்திருந்தால் ஆமாம் அண்ணே, உங்கள் தம்பிதான், கட்டிப் பிடித்து அழுதான் என்று சொல்லியிருப்பேனே என்றார். தம்பி இல்லை, அண்ணன் என்று ன்சூசி திருத்தினார். பிறகு அவர் கையைத் தட்டிக்கொடுத்து, நீங்கள் சாப்பிடுங்கள், ஆறுகிறது என்றார். தன் கண்ணை ஒருமுறை துடைத்துப் பார்த்தார், ஈரம் இல்லை. இரட்டையரில் ஒருவன் போனால் மற்றவன் அழக் கூடாது என்று எங்கள் பக்கத்தில் ஒரு கட்டு உண்டு. அழுதால் போனவன் திரும்பிப் பார்த்துக் கூப்பிடுவானாம். போயிருக்கிறானா இல்லையா என்றே தெரியாதவருக்கு எந்தக் கட்டு பொருந்தும், அதை யாரும் சொல்லி வைக்கவில்லை.

பிபிஷம்மா ஸ்பீக்கரை அணைக்கப் போனாள். ன்சூசி கையை நீட்டித் தடுத்தார். இன்னும் முடியவில்லை, ஒன்று பாக்கி இருக்கிறது என்றார். நாற்காலியைப் பழைய இடத்துக்கே இழுத்துப் போட்டு, சட்டையை நீவிவிட்டு, முறையாக எல்லோரையும் பார்த்து உட்கார்ந்தார்.

“முதலாவது, 'குளிர்கால விசா'.”

சொல்லிவிட்டுக் காத்திருந்தார். வழக்கமாக அந்தச் சொல் முடிவதற்குள் கூச்சல் கிளம்பியிருக்கும், நாலு பேர் மேசையைத் தட்டியிருப்பார்கள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. ஒருவர் தலையை ஆட்டி, சரி அண்ணே, நல்ல ஆல்பம்தான் என்றுகூடச் சொன்னார். ன்சூசியின் முகம் அந்த ஒரு வார்த்தையில்தான் உடைந்தது. சைரன் சொன்னபோதுகூட அப்படி உடையவில்லை. சாவு வீட்டில் பேசுகிற குரலில் அந்த மனிதர் அதைச் சொல்லியிருந்தார்.

ன்சூசி கலோஞ்சியைப் பார்த்தார். “எந்திரிடா. வழக்கு போடு.”

“வேணாம் மச்சான். என்னால முடியாது. நான்தானே அந்தாளைத் தேடிப் பிடிச்சுக் கூட்டியாந்தேன்.”

“அதை அப்புறம் பேசிக்கலாம். நீ இப்ப வாயை மூடிட்டு உக்காந்தா என்ன அர்த்தம் தெரியுமா? அவன் செத்துட்டான்னு அர்த்தம். நான் வீட்டுக்குப் போயி லாண்டுகிட்ட அதைத்தான் சொல்லணும். அவ அங்க கீரை ஆக்கி வெச்சுட்டு உக்காந்திருக்கா.”

கலோஞ்சி எழுந்தார். “அந்த மேளம்,” என்றார். “அது மேளமாடா? மெஷின். தகர டப்பா.” கண்ணிலிருந்து வழிந்ததைப் புறங்கையால் வழித்தார்.

“மெஷினா இருந்தா என்ன, தாளம் தப்பலையே,” என்றார் ன்சூசி.

“கிட்டார் ஒரே இடத்துல நின்னு சுத்துது.”

“ஆடறவனுக்கு அது போதும்.”

சைரன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். கலோஞ்சி அடுத்தது என்ன சொல்வது என்று தேடினார். கடைசியில் கிடைத்ததைச் சொன்னார்.

“பாடறவனுக்கு மூக்கடைப்பு. அதைக்கூட நிறுத்திச் சரி பண்ணாமப் பாடிட்டான். கேக்கறவனுக்கே தும்மல் வருது.”

“அங்க குளிராச்சேடா,” என்றார் ன்சூசி. “நம்ம ஊரு மாதிரியா. குளிர்காலத்துல இறங்கினவனுக்கு வேற எப்படி இருக்கும்?” அடுத்ததையும் வாதம் போலவே சொல்லத்தான் வாயெடுத்தார். “அவன் ஒரே ஒரு சட்டையோடதான்டா போனான். வேற ஒண்ணும் எடுத்துக்கல. மட்டாடிக்குக் கிளம்பறப்ப என்னோட கோட்டைக் கேட்டான், நான் தரல.”

கலோஞ்சி மேசையைச் சுற்றி வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.