பதினோராம் பாட்டில்

கட்டுரையை ஏற்றுக்கொண்டதாக ஆய்விதழிலிருந்து கடிதம் வந்த மறுநாள் காலை, சூர்யபிரகாஷ் ஒரு டப்பா லட்டுடன் புதுக்கோட்டை மினி பஸ்ஸில் ஏறினான். திருவரங்குளத்திலிருந்து தினமும் அந்த வண்டியில்தான் கல்லூரிக்குப் போவான். சுற்றுச்சூழல் துறையில் உதவிப் பேராசிரியர். ஏழு வருஷமாக முனைவர் பட்டம் முடிக்காத உதவிப் பேராசிரியர். ஜூன் கடைசிக்குள் ஒரு கட்டுரையாவது ஏற்கப்படவில்லையென்றால் பதிவு ரத்து என்று பல்கலைக்கழகம் எழுதிவிட்டது. கெடுவை ஏற்கெனவே இரண்டு முறை நீட்டித்தாகிவிட்டது, மூன்றாவது முறை கிடையாது. ஆகையால் லட்டு நியாயமானதுதான்.

முதல் லட்டு டிரைவர் அழகுமலைக்கு.

"என்ன சார், பொண்ணு அமைஞ்சிருச்சா?"

"இல்லண்ணே. கொளத்துத் தண்ணியப் பத்தி எழுதுன கட்டுரை வருது."

அழகுமலை பாதி லட்டோடு யோசித்தார். "தை மாசம் எங்கிட்ட ஒரு பாட்டில் குடுத்துவிட்டீங்களே, அந்தத் தண்ணியா?"

"அதுவுந்தான்."

"அது கொளத்துத் தண்ணி இல்லியே சார்."

அந்தப் பக்கத்தில் மினி பஸ்ஸில் போகாத பொருள் கிடையாது. சாப்பாட்டுக் கேரியர், எக்ஸ்ரே படம், வீட்டில் மறந்துவிட்ட ஹால் டிக்கெட் எல்லாம் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் பத்திரமாகப் போய்ச் சேரும். தை மாதத்தில் சூர்யபிரகாஷ் ஒரு குளத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது, அரிமளத்துக்குத் தேர்வு மேற்பார்வைக்கு வரச்சொல்லி போன் வந்தது. பதினோராம் எண் ஒட்டிய பாட்டிலை அழகுமலையிடம் கொடுத்துவிட்டு, பஸ் ஸ்டாண்டில் வாங்கிக்கொள்ளும்படி ஆய்வகத்து டயானாவிடம் சொல்லிவிட்டுப் போனான்.

"பச்சையா பாசி மெதந்துச்சு சார்," என்றார் அழகுமலை. "வாத்தியாரு இதையா குடிக்கிறாருன்னு எனக்கு மனசே கேக்கல. கொட்டிட்டு, நம்ம வண்டில இருந்த கேன் தண்ணியப் புடிச்சு வச்சேன். சும்மா ஊத்தல, ரெண்டு தடவை அலசித்தான் ஊத்துனேன்."

"மூடியில ஸ்டிக்கர் ஒட்டியிருந்துச்சேண்ணே."

"பிஞ்சிருச்சு. எச்சி தொட்டு ஒட்டிட்டேன்."

சூர்யபிரகாஷ் டப்பாவை மூடிவிட்டான்.

பதினெட்டுக் குளங்களில் தண்ணீர் எடுத்துச் செய்த ஆய்வு அது. பதினேழும் ஒன்றுபோல மோசம். பதினொன்று மட்டும் பளிங்கு. அந்தப் பதினொன்றால்தான் கட்டுரை ஏற்கப்பட்டது. குளத்தடியில் இருக்கும் செம்பாறை தண்ணீரை வடிகட்டுகிறது என்று துறைத் தலைவர் ரெங்கராஜ் ஒரே மத்தியானத்தில் கோட்பாடு கண்டுபிடித்தார். சூர்யபிரகாஷ் அதற்கு நான்கு பக்கம் விளக்கம் எழுதினான். ஒரு தனியார் கம்பெனியின் கேன் தண்ணீரைப் பற்றி அவ்வளவு ஆழமாக அதுவரை யாரும் எழுதியதில்லை.

இன்னொன்றும் இருந்தது. 'நீர் மாதிரிகள் அனைத்தும் பனிப்பெட்டியில் வைத்து ஆய்வாளராலேயே நேரடியாகக் கொண்டுவரப்பட்டன' என்று கட்டுரையில் ஒரு வரி. எல்லாக் கட்டுரைகளிலும் அந்த வரி இருக்கிறதே என்று அவனும் போட்டிருந்தான்.

ரெங்கராஜ் அறைக்குப் போய் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"டிரைவரு வேற யார்ட்டயாச்சும் சொல்லியிருக்காரா?"

"தெரியல சார்."

"அப்ப விடு. எவன் படிக்கப்போறான் தம்பி? நானே படிக்கல."

"நீங்க கட்டுரையோட மூணாவது ஆசிரியர் சார்."

"அதத்தான் சொல்றேன்."

அந்தக் கல்லூரியில் கட்டுரைக்குப் பெயர் போடுவது காதணி விழாப் பத்திரிகை அடிப்பது மாதிரி. முதலில் தாளாளர், அடுத்து முதல்வர், மூன்றாவது துறைத் தலைவர். காது குத்திக்கொள்ளும் பிள்ளையின் பெயர் கடைசியில், சின்ன எழுத்தில். பதினெட்டுப் பாட்டில்களையும் சோதித்து எண்களை எழுதிய டயானாவின் பெயர் அந்த வரிசையிலேயே இல்லை. 'ஆய்வகத்தாருக்கு நன்றி' என்ற வரிக்குள் பீக்கர்களோடு சேர்ந்து இருந்தாள்.

டயானா ஆவூர்க்காரி. விஷயத்தைக் கேட்டுச் சிரித்து முடிக்க அவளுக்கு நேரம் பிடித்தது.

"நான் அன்னைக்கே சொன்னேன்ல, இவ்வளவு சுத்தமா இருந்தா இதுல ஒரு மீன்கூட இருக்காது, இன்னொரு தடவை எடுங்கன்னு. நீங்கதான் செம்பாறை செம்பாறைன்னு குதிச்சீங்க."

"இப்ப என்ன பண்றது?"

"எழுதிப் போடுங்க. அந்தக் கொளத்தங்கரையில பள்ளிக்கூடம் இருக்கு சூர்யா. நாளைக்கு எவனாச்சும் உங்க கட்டுரையைக் காட்டி, வடிகட்டுன தண்ணி, பிள்ளைங்க குடிக்கட்டும்னு குழாய் போட்டுட்டா?"

"எழுதுனா என் பட்டம் போயிரும்."

"போலாம். எழுதலைன்னா, பேருக்கு முன்னாடி டாக்டர்னு போடுறப்பல்லாம் கேன் தண்ணி ஞாபகம் வரும். எது தேவலாம்னு நீங்களே பாத்துக்கங்க."

பிற்பகல் முழுக்க உட்கார்ந்து ஆய்விதழுக்குக் கடிதம் எழுதினான். மினி பஸ், பாசி, கேன், எச்சி, பனிப்பெட்டி வரி, ஒன்றையும் விடவில்லை. மன்னிக்கவும் என்ற சொல் ஆறு இடத்தில் வந்தது, இரண்டை எடுத்தான். அனுப்பியதும் பட்டம் போய்விட்டது என்று முடிவு செய்துகொண்டு, விசித்திரமாக, வயிறாரச் சாப்பிட்டான்.

இரண்டு நாளில் ஆய்விதழின் ஆசிரியர் பேராசிரியர் மணிமேகலையிடமிருந்து பதில் வந்தது. கட்டுரையின் நான்கு ஆசிரியர்களுக்கும் பொதுவான கடிதம். 'தாங்களாக முன்வந்து சொன்னதற்கு நன்றி. வெளியீடு நிறுத்திவைக்கப்படுகிறது. பதினோராம் மாதிரியை மறுபடி எடுத்து, கட்டுரையைத் திருத்தி அனுப்பினால் மறுபரிசீலனைக்குப் போகும். அதற்கு முன் ஒவ்வொரு ஆசிரியரும் இந்த ஆய்வில் தாம் செய்த வேலை என்ன என்பதையும், கட்டுரை முழுவதற்கும் தாம் பொறுப்பு என்பதையும் தனித்தனியே எழுதி உறுதி செய்ய வேண்டும்.'

அன்று மதியமே பதில்கள் வரத் தொடங்கின.

முதலில் கழன்றுகொண்டவர் முதல்வர். குறிப்பிட்ட காலத்தில் தாம் மருத்துவ விடுப்பில் இருந்ததாகவும், தண்ணீரே அளவாகத்தான் குடித்ததாகவும் எழுதினார். தாளாளரின் சார்பில் அவருடைய மேனேஜர் செபமாலை நேரிலேயே வந்தார்.

"தம்பி, அய்யாவுக்குத் தண்ணி சம்பந்தமா ஏற்கெனவே ஒரு போர்வெல் கேஸ் ஓடுது. இன்னொரு தண்ணி வேணாம். பேர எடுத்துருங்க."

"அவருதான் முதல் ஆசிரியருங்க."

"அதான் முதல்ல எடுங்கங்கறேன்."

ரெங்கராஜ் மட்டும் ஒரு நாள் எடுத்துக்கொண்டார். கோட்பாடு அவருடையது, விட மனசில்லை. கடைசியில், தாம் ஊக்கம் மட்டுமே அளித்ததாகவும் எந்தப் பாட்டிலையும் கண்ணால் பார்த்ததில்லை என்றும் எழுதி அனுப்பிவிட்டு, மின்விசிறிக் காற்றில் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். ஆக, கட்டுரையில் மிஞ்சியது சூர்யபிரகாஷ் ஒருவன். எண்களுக்கெல்லாம் பொறுப்பேற்கிறேன் என்று உண்மையாகவே சொல்லக்கூடிய இன்னொரு ஆள் உண்டு என்று அவன் மணிமேகலைக்கு எழுதினான். டயானா தன் வேலையை ஒன்றரைப் பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பீக்கர்கள் நன்றியுரையில் தனியாக விடப்பட்டன.

சனிக்கிழமை இருவரும் ஸ்கூட்டரில் அந்தக் குளத்துக்குப் போனார்கள். இந்தத் தடவை பனிப்பெட்டி நிஜமாகவே இருந்தது. மீன்காரர் ஒருவரிடம் கடன் வாங்கி, ஐந்து முறை கழுவி, டயானா மோந்து பார்த்து, ஆறாவது முறையும் கழுவ வைத்தது. வழியில் மினி பஸ் நின்றது.

"அங்கிட்டுதான் போறேன் சார், பெட்டியக் குடுங்க, எறக்கி வைக்கிறேன்," என்றார் அழகுமலை.

"வேணாம்ணே. நாங்களே கொண்டு போறோம்."

"எம்மேல ஏதும் வருத்தமா சார்?"

"இல்லண்ணே. உங்க மேல ஒரு தப்பும் இல்ல. பாட்டில்ல என்ன இருக்குன்னு நான்தான் உங்களுக்குச் சொல்லல."

அன்றைக்கே சோதித்தார்கள். பதினோராம் குளம் மற்றப் பதினேழைவிடவும் ஒரு படி மோசமாக இருந்தது. கருவியில் எண் ஏற ஏற சூர்யபிரகாஷின் முகம் மலர்ந்தது.

"சாக்கடைக்கு இப்படிச் சிரிக்கிற ஆளை நான் பாத்ததில்ல," என்றாள் டயானா.

கட்டுரையிலிருந்து செம்பாறை பற்றிய நான்கு பக்கமும் பனிப்பெட்டி வரியும் போயின. அந்த இடத்தில், முதலில் எடுத்த பதினோராம் மாதிரி ஆய்வாளரின் கைவிட்டுப் போனதால் கணக்கில் சேர்க்கப்படவில்லை, மறுபடி எடுக்கப்பட்டது என்று இரண்டு வரி. பிறகு ஐந்து வாரம் காத்திருப்பு. அந்த ஐந்து வாரத்தில் அவன் மெயிலைத் திறந்து பார்த்த வேகத்துக்குப் போன் சூடாகவே இருந்தது.

ஜூன் இருபதாம் தேதி, மூன்றாம் பிரியடில் பதில் வந்தது. திருத்தப்பட்ட வடிவம் ஏற்கப்பட்டது. பழைய முடிவைவிடப் புதிய முடிவு சுவாரஸ்யம் குறைந்தது என்றும், நம்பத்தக்கது என்றும் மணிமேகலை எழுதியிருந்தார். சூர்யபிரகாஷ் வகுப்பிலேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். ஏழு வருஷமாகத் தோளில் கிடந்த என்னவோ ஒன்று கீழே இறங்கி, தானே நடந்து வெளியே போனது. சாருக்கு உடம்பு சரியில்லையா என்று முதல் பெஞ்சு கேட்டது. இப்போதுதான் சரியாகியிருக்கிறது என்றான்.

மணி அடித்ததும் ஆய்வகத்துக்குப் போய் டயானாவிடம் போனை நீட்டினான். அவள் கடிதத்தை விட்டுவிட்டுத் தன் பெயரை மட்டும் மூன்று முறை படித்தாள். அதற்குள் செய்தி கேட்டு ரெங்கராஜ் வந்து வாசலிலேயே நின்றார்.

"வந்துருச்சாமே. எம்பேரு எதுலயும் இல்லியே?"

"இல்ல சார்."

"நல்லாப் பாத்தியா?"

"ரெண்டு தடவை பாத்தாச்சு சார்."

"நன்றியில?"

"அதுலயும் இல்ல சார்."

ரெங்கராஜ் உள்ளே வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கேன்டீனுக்குப் போன் போட்டு மூன்று டீ சொன்னார். அந்தத் துறையில் ஒரு கட்டுரைக்காக, எழுதியவர்களும் எழுதாதவரும் ஒரே அளவு நிம்மதியாக உட்கார்ந்து டீ குடித்தது அதுதான் முதல் தடவை.