மிச்சம் பிடித்த டீசல்

என் அக்காள் லோகநாயகியின் புருஷன் வேணு பெரிய அறிவாளி. பத்தாவதைத் தாண்டவில்லை, செல்போனில் வீடியோ பார்த்தே இன்ஜினியர் ஆனவர். அதிகம் டீசல் குடிக்கவிடாமல் மீன்பிடி போட்டை ஓட்டத் தெரிந்த ஒரே ஆள் லைட்ஹவுஸ் குப்பத்தில் தான்தான் என்று அவரே சொல்லிக்கொள்வார்.

ஃபைபர் போட்டு எங்கள் மூன்று பேருக்கும் பொது: தேவதாஸ் அண்ணன், வேணு மாமா, நான். இன்ஜின் பிடிப்பவர் அண்ணன். அந்த ஐப்பசியில் மாமா சீர்திருத்தத்தில் இறங்கினார். முதலில் ஆக்சிலேட்டரில் ஒரு கம்பியைக் கட்டினார். எவ்வளவு இழுத்தாலும் பாதிக்கு மேல் வேகம் போகாது. அண்ணன் முணுமுணுத்துவிட்டு விட்டுவிட்டார். அடுத்து, போட்டின் நடுவில் பலகைக்கு அடியில் கிடந்த நான்கு மணல் மூட்டைகளில் மாமா கை வைத்தார்.

"இன்னாத்துக்கு மச்சான் அத்த தூக்கற?"

"தெனம் மணலுக்கு ஓசி சவாரி குடுக்கறியே தேவா, உனக்கே நல்லாக்கீதா? எடை கொறஞ்சா டீசல் கொறையும்."

"போட்டு ஆடுமே."

"போ சொல்ல ஆடும். வர சொல்லதான் மீனு கீதே! மீன விடவா மணலு வெயிட்டு?"

மீன் படாவிட்டால்? சின்னப் பிள்ளைகூடக் கேட்கும் கேள்வி. ஆனால் போட்டைத் தண்ணீரில் தள்ளும் நேரத்தில் எங்கள் குப்பத்தில் அதைக் கேட்கக் கூடாது. கேட்டால் அன்றைய மீன்பாடு போச்சு என்பார்கள். கேட்டவனை ஒரு வாரம் எந்தப் போட்டிலும் ஏற்ற மாட்டார்கள். அண்ணன் வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். நான் திறக்கவே இல்லை. லைப்ரரியில் புத்தகம் எடுத்துப் படிப்பவன் என்று எனக்கு ஊரில் ஒரு பெயர் உண்டு. அந்தப் படிப்பும் மணல் மூட்டைகளோடு கரையிலேயே கிடந்தது.

ஒன்பது நாள் கடலும் மாமாவின் பக்கம்தான் பேசியது. காரப்பொடி மீனும் சங்கராவும் போட்டு அமுங்க வந்தன. டச்சுக் கல்லறைக்கு எதிரே டீக்கடையில் மாமா பாடம் நடத்தினார். "மூளைய யூஸ் பண்ணணும் நைனா. டேங்குல ஊத்தனா மட்டும் போட்டு ஓடாது." நாலு பேர் தங்கள் போட்டுக்கும் கம்பி கட்டித்தரக் கேட்டார்கள்.

பத்தாம் நாள் வலை வெறும் வலையாக வந்தது. கொண்டல் காற்று ஏறியது. மதியத்துக்குள் திரும்பினோம். ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் மணல் மேடிட்டிருந்ததால் அலை அங்கேயே உடைந்துகொண்டிருந்தது. காலிப் போட்டு தேங்காய் ஓடு மாதிரி ஆடியது.

"மச்சான், உன் மீனுங்க எங்க? கூப்புடு, வந்து நடுவுல குந்தட்டும்" என்றார் அண்ணன்.

மாமா சிரிக்கவில்லை. "குப்பா, நீ நடுவுல படுத்துக்கோடா" என்றார்.

படுத்தேன். நான்கு மூட்டை மணலுக்கு ஐம்பத்தைந்து கிலோ ஆள் ஈடு என்பது அவருடைய இன்ஜினியரிங்.

பின்னாலிருந்து பெரிய அலை ஒன்று எழுந்தது. அதற்கு முந்தி ஓடினால் ஏரிக்குள் போய்விடலாம். முகத்துவாரத்தில் எல்லாரும் செய்வது அதுதான். அண்ணன் ஆக்சிலேட்டரை இழுத்தார். பாதியில் நின்றது.

"கம்பிய அறுடா குப்பா!"

எழுந்து ஓடினேன். கையில் இருந்தது வலை அறுக்கும் கத்தி. கம்பி அசையவில்லை. மாமா வாழ்க்கையில் உருப்படியாகச் செய்த வேலை அந்த முடிச்சு ஒன்றுதான். அலை போட்டின் பின்பக்கத்தைத் தூக்கிக் குறுக்கே திருப்பியது. அடியில் கனமில்லாத போட்டு ஒரே புரட்டில் கவிழ்ந்தது. மாமா ஐஸ் பெட்டியைப் பிடித்துக்கொண்டார். எனக்கு டீசல் கேன் கிடைத்தது. அண்ணன் போட்டுக்கு அடியில் போனார்.

வேறு போட்டுக்காரர்கள் எங்களைக் கரை சேர்த்தார்கள். அக்காள் தலைவிரி கோலமாக ஓடி வந்தாள்.

"எங்கண்ணன் எங்கய்யா?"

"காத்து சரியில்ல லோகா" என்றார் மாமா.

தேடப் போக டீசல் வேண்டும் என்றார்கள். மாமா வீட்டுக்குப் போய், ஒன்பது நாளில் மிச்சம் பிடித்ததையெல்லாம் தூக்கிக்கொண்டு வந்தார். வாங்கிய யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. சாயங்காலத்துக்குள் அது தீர்ந்துபோயிற்று. அண்ணன் கிடைத்தது மறுநாள், வேறு யாரோ ஊற்றிய டீசலில்.